விளையாட்டுச் சந்தை முன்கணிப்பை நம்பி ஆள் சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா?

புள்ளிக்கோடு:
2022 மே மாதம். ஆறு பேர் கொண்ட நிறுவனம், கைபேசிக்கு ஒரு புதிர் விளையாட்டு, கையில் பதினான்கு மாதச் செலவுக்கான பணம். முதலீட்டாளர் முன் சந்தை வளர்ச்சி வரைபடத்தைத் திரையில் போட்டேன். எல்லோரும் போடுவதுதான்: 2021 வரை முழுக்கோடு, அதற்குப் பிறகு மேலே ஏறும் புள்ளிக்கோடு. உலக விளையாட்டுச் சந்தை அந்த ஆண்டு 20,000 கோடி டாலரைத் தாண்டும் என்ற பேச்சு அடிபட்ட நேரம்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம் ஆகியிருந்த எங்கள் ஓவியர், பின்வரிசையில் இருந்து கையைத் தூக்கினார். "இந்தப் புள்ளிகளில் நம்முடைய விளையாட்டு எங்கே இருக்கிறது, சார்?" முதலீட்டாளர் என் முகத்தைப் பார்த்தார். "இது மொத்தச் சந்தை" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பணம் வந்தது, மேலும் நான்கு பேரைச் சேர்த்தோம். மறு ஆண்டு மார்ச்சில் ஆட்களைக் குறைத்தபோது முதலில் வெளியே போனவர் அந்த ஓவியர்தான். அவருக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இரவுப்பணி:
எனக்கும் அப்படி ஒரு நொடி உண்டு. ஒரு புதிய பயனரை விளம்பரத்தின் வழியே கொண்டுவர எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுவதுதான் என் வேலை. 2021 ஏப்ரலில் ஐபோனுக்கான ஐஓஎஸ் 14.5 இயங்குதளம் வந்ததே, பிற செயலிகளில் நம்மைப் பின்தொடர அனுமதி கேட்கும் பெட்டியோடு. அனுமதி இல்லாவிட்டால் எந்த விளம்பரம் யாரைக் கொண்டுவந்தது என்று கணக்கிட முடியாது. பாதிப் பேராவது அனுமதிப்பார்கள் என்று வைத்து அடுத்த ஆண்டுக்கான அட்டவணையை முடித்திருந்தேன். அன்று மாலை என் அக்கா, தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே எங்கள் விளையாட்டைத் திறந்தார். பெட்டி வந்தது. ஒரு சொல்லையும் படிக்கவில்லை. கட்டைவிரல் நேராக மறுப்பில் போய் விழுந்தது. பின்னல் நிற்கவே இல்லை. அவர் செய்ததில் தவறே இல்லை. ஆனால் என் அட்டவணை அந்த நொடியிலேயே செத்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
நானும் பட்டவன்தான். பதிவிறக்கம் இரண்டு மடங்கானது என்று கொண்டாடினோம், மாதக் கடைசியில் வருமானம் நகரவே இல்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் புள்ளிக்கோடு, குற்றத்தை வரைபடத்தின் மேல் போடாதீர்கள். விளையாட்டுச் சந்தையை ஆராயும் நியூஸூ நிறுவனம் 2022-க்கு முதலில் 20,310 கோடி டாலர் என்றது. அதே ஆண்டு நவம்பரில் தானே 18,440 கோடியாகக் குறைத்து வெளியிட்டது. திருத்தம் கண்ணெதிரே இருந்தது. செயலிச் சந்தையை அளந்த டேட்டா.ஏஐ நிறுவனத்தின் கணக்கையும் பாருங்கள்: செயலிக் கடைகளில் மக்கள் செலவிட்டது 2021-இல் 17,000 கோடி டாலர், 2022-இல் 16,700 கோடி. பதிவிறக்கமோ 23,000 கோடியில் இருந்து 25,500 கோடிக்கு ஏறியது. நிறுவுகிறார்கள், காசு கொடுப்பதில்லை. ஊரடங்குக் காலத்து வேகத்தை நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டதுதான் முதல் பிழை. சீனாவிலும் 2021 ஜூலைக்குப் பிறகு 2022 ஏப்ரல் வரை புதிய விளையாட்டுகளுக்கு அரசு உரிமமே கொடுக்கவில்லை; சந்தை வளர அதுவும் ஒரு தடை.

ஆள் சேர்ப்பதற்கு முன் நிறுவியவர்களில் முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று பாருங்கள். வருமானத்தில் செயலிக் கடை எடுத்துக்கொள்ளும் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்; ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குள் இருந்தால் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் சிறுதொழில் திட்டத்தில் 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம்தான். விண்ணப்பிக்காமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்கணிப்பு எதுவானாலும் வெளியான தேதியை அதன் தலையில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இரவுப்பணி:
கணக்குப்பிள்ளை, புள்ளிக்கோடு உங்களிடம் வழி கேட்கவில்லையே. மே மாதக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நவம்பர் திருத்தம் எப்படித் தெரியும்?

புள்ளிக்கோடு:
இருக்கட்டும், தேதி எழுதும் யோசனை நல்லது. நான் வரைபடத்தைக் குறை சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை என்பதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான்கு பேரைச் சேர்த்திருக்க மாட்டேன். போன மாதம் அந்த ஓவியர் பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தார். அவர் கேட்ட கேள்வியை முதல் பத்தியிலேயே எழுதி அனுப்பினேன்.