மர டெப்போ கிட்: கடலோர ஈரத்தில் சுவர் வளையாமல் கட்டுவது எப்படி? பெயிண்டைப் பழசாக்குவது எப்படி?

முதுநகர்_மீட்டர்கேஜ் கேட்டது:

அமெரிக்காவிலிருந்து வந்த அத்தான் எனக்கு ஒரு கிட் வாங்கி வந்திருக்கிறார். எச்ஓ என்கிற மாடல் ரயில் அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு (1:87). அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கிற நியூ இங்கிலாந்து பக்கத்துச் சின்ன சரக்கு டெப்போ, அதாவது ரயில் நிலையக் கட்டடம். பிளாஸ்டிக் கிட் போல மாட்டி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. பெட்டியைத் திறந்தால் லேசரில் வெட்டிய சுவர்கள், கட்டுக்கட்டாக மெல்லிய மரக்குச்சிகள், வெள்ளை உலோகத்தில் வார்த்த பீப்பாய்கள், ஒரு தள்ளுவண்டி, கூரைக்குக் கறுப்புத் தாள். மீதியெல்லாம் நம் கைவேலை.

எங்கள் வீடு கடலூர் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரம். உபரித் துண்டு ஒன்றில் அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டுப் பூசிப் பார்த்தேன். காலையில் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து நிற்கிறது. சுவருக்கும் இதே கதிதானா? அப்புறம், வெள்ளை பெயிண்ட் உரிந்து உள்ளே சாம்பல் நிற மரம் தெரிகிற மாதிரி வேண்டும். விளக்கத்தாளில் அதற்கு ஒரே வரிதான் இருக்கிறது. இங்கே கிடைக்கிற சாமான்களை வைத்துச் சொல்லுங்கள்.

புதுவை_12எம்எம்:

சாயத்துக்குத் தண்ணீரே வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லியில் கறுப்பு ட்ராயிங் இங்க் இருபது சொட்டு விட்டுக் குலுக்கினால் போதும். இன்னும் கறுப்பு வேண்டுமென்றால் நாற்பது வரை போகலாம். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கிற கடைகளில் 99 சதவீதம் கிடைக்கும். மருந்துக்கடையில் தருகிற 70 சதவீதத்தில் மீதி தண்ணீர்தான், அதை வாங்காதீர்கள். குச்சிகளைக் கட்டோடு முக்கி எடுத்துப் பழைய பேப்பரில் பரப்பிவிடுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குக் குடிக்கும், அந்த ஏற்றத்தாழ்வுதான் அழகு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

எதையும் ஒட்டுவதற்கு முன்பே சாயம் ஏற்றிவிட வேண்டும். ஃபெவிகால் பட்ட இடம் சாயத்தைக் குடிக்காது, வெளிறிப்போய்த் தெரியும்.

நான் கட்டுவது 1879-இல் திறந்த நம் விழுப்புரம் - புதுச்சேரி பழைய மீட்டர்கேஜ் பாதை. 1:87-க்குத் தண்டவாள இடைவெளி 12 மில்லிமீட்டர். கிட் கிடைக்காது, எல்லாம் அட்டையும் குச்சியும்தான். நீங்களும் ஒருநாள் இந்தப் பக்கம் வருவீர்கள்.

பெயிண்ட்கடை_சித்தப்பா:

தம்பி, நான் முதுநகரில் பெயிண்ட் கடை வைத்திருந்தவன். படகுக்காரர்கள்தான் பாதி வாடிக்கை. கடையை மூடிய பிறகுதான் இந்த ரயில் பைத்தியம் பிடித்தது. ஆகவே நான் சொல்வதெல்லாம் பெயிண்ட் எப்படிக் கெடும் என்கிற பக்கத்திலிருந்துதான் வரும்.

முதலில் வளைவு. மரம் நார் ஓடுகிற திசையில் அநேகமாக நீளாது, குறுக்கேதான் ஊதும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் அந்தப் பக்கம் ஊதி, மறுபக்கம் அப்படியே இருக்கும். பலகை வளையாமல் என்ன செய்யும்? பூசினால் இரண்டு பக்கமும் பூசு. சாயம் காய்ந்ததும், பெயிண்டுக்கு முன்னால், சுவரின் உள்பக்கத்தில் நாருக்குக் குறுக்காகத் தாங்குசட்டம் ஒட்டு. உன் சுவரில் பலகைக் கோடுகள் படுக்கையாக ஓடினால் சட்டம் நெட்டுக்குத்தாக வரும். கதவு, ஜன்னல் ஓரங்களில் கட்டாயம் ஒவ்வொன்று. ஃபெவிகாலிலும் தண்ணீர்தான் இருக்கிறது, ஆகவே பல்குத்தும் குச்சியால் புள்ளி புள்ளியாக வை. கீழே பட்டர் பேப்பர், மேலே போட்டோ ஃப்ரேம் கண்ணாடி, அதன் மேல் கனமாக ஏதாவது. ராத்திரி முழுக்க இருக்கட்டும். வேலை இல்லாத நேரத்தில் துண்டுகளை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வை.

இனி உரிப்பு. அதற்கு முன்னால் ஒன்று முடிவு செய்: டெப்போவின் எந்தச் சுவர் தெற்கு? நியூ இங்கிலாந்தில் மத்தியான வெயில் வருஷம் முழுக்கத் தெற்கிலிருந்துதான். தெற்குச் சுவரில் பெயிண்ட் வெளுத்துப் பொரியும். வடக்குச் சுவர் ஈரம் காயாமல் பச்சை படியும். நம் ஊர்க் கணக்கே வேறு. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால், வடக்குச் சுவரும் காயும். நம் வீட்டைப் பார்த்து அந்த டெப்போவைப் பூசினால் நாலு சுவரும் ஒரே மாதிரி ஆகிவிடும். படத்தில் பார்க்கிற பல மாடல்களில் எனக்கு உறுத்துவது அதுதான்.

அப்புறம் ஒரே சுவருக்குள் எங்கே உரியும்? படகில் பெயிண்ட் முதலில் பொரிவது பலகையின் வெட்டுமுனையில்தான், அங்கேதான் மரம் தண்ணீர் குடிக்கும். உன் சுவரிலும் பலகை முனைகள், ஜன்னல் கட்டைக்குக் கீழே, தரையிலிருந்து ஓரடி இரண்டடி உயரம் வரை. எச்ஓவில் ஓரடி என்பது 3.5 மில்லிமீட்டர். கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இறவாணத்துக்கு நேர் கீழே மழையும் படாது, வெயிலும் படாது. அங்கே பெயிண்ட் புதுசாகவே இருக்கட்டும். அதைத் தொடாதே.

செய்முறை எளிது. சாம்பல் சாயம் நன்றாகக் காய்ந்த சுவரில் அக்ரிலிக் வெள்ளையை, தண்ணீர் அதிகம் சேர்க்காமல், மெல்லிசாக ஒரு கை. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுசாக இறுகுவதற்குள், செலோ டேப்பை எடு. அதை முதலில் சட்டையில் இரண்டு தடவை ஒட்டி உரித்துப் பசையைக் குறைத்துக்கொள். வேண்டிய இடத்தில் மட்டும் விரலால் அழுத்தி, சுவரோடு ஒட்டினாற்போல் மடக்கி இழு. பொட்டுப் பொட்டாகப் பெயர்ந்து வரும். உபரித் துண்டில் நேரத்தைப் பழகிக்கொண்டு சுவருக்குப் போ.

பளபளப்பை மறைக்கக் கடைசியாக அடிக்கிற மேட் ஸ்ப்ரே பற்றி. ஐப்பசி, கார்த்திகையில் அதைத் தொடவே தொடாதே. தின்னர் ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டு, காற்றில் இருக்கிற ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். அடைமழையில் கடைக்கு வந்து “அண்ணே, பூத்துப்போச்சு” என்று நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்ப்ரே அடித்த பரப்பின் மேல் அந்த ஆல்கஹால் மை பட்டாலும் வெளுக்கும்.

திருப்பாதிரிப்புலியூர்_பாசஞ்சர்:

சித்தப்பா சொன்னதற்கு மேல் சுவரில் எதுவும் இல்லை. உலோக வார்ப்புகளுக்கு மட்டும்: பிசிறை அரத்தால் தேய்த்து, வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவி, சாம்பல் பிரைமர், பிறகு நிறம். ஒட்டுவதற்கு ஃபெவிக்விக். ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் அது வேண்டாம், ஆவி பட்டுப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

விளக்கத்தாளில் பலகை பலகையாக ஊசியால் ஆணித்துளை குத்தச் சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டால் விட்டுவிடலாம். ஊசித்துளை அரை மில்லிமீட்டர் என்றாலும் 1:87-இல் அது நாலு சென்டிமீட்டருக்கு மேலான ஓட்டை. அந்த அகலத்துக்கு ஆணி யார் அடித்தது?

முதுநகர்_மீட்டர்கேஜ்:

எல்லாருக்கும் நன்றி. ஆணித்துளை இல்லை என்று முடிவு செய்துவிட்டேன், முதுகு தப்பித்தது. சித்தப்பா, தண்டவாளம் என் பலகையில் கிழக்கு மேற்காகப் போகிறது, டெப்போ அதற்கு வடக்கே. அப்படியானால் பிளாட்பாரப் பக்கச் சுவர்தான் தெற்கா? அங்கே பிளாட்பாரத்தை மூடுகிற அளவுக்கு அகலக் கூரை இருக்கிறதே.

பெயிண்ட்கடை_சித்தப்பா:

ஆமாம், அதுதான் தெற்கு. கோடையில் சூரியன் நல்ல உயரத்தில் இருப்பதால் கூரை நிழல் சுவரை மூடிவிடும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வரும்போது வெயில் கூரைக்கு அடியில் நுழைந்து சுவரின் கீழ்ப்பாதியில் விழும். ஆகவே மேலே நல்ல வெள்ளை, கீழே வெளுப்பு. உரிப்பைக் கூரைக்கு வெளியே வருகிற இரண்டு மூலைகளில் வை. மூட்டை தூக்குகிறவன் தோள் உரசுகிற உயரத்தில், சரக்குக் கதவின் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு. ஆள் ஆறடி என்றால் 21 மில்லிமீட்டர், தோள் 17 வரும். பிரஷ்ஷைக் கிட்டத்தட்டக் காயவைத்துவிட்டுத் தடவு.

மேட் ஸ்ப்ரேவைத் தை மாசம் பார்த்துக்கொள்ளலாம். காற்று கிழக்கிலிருந்து அடிக்காத நாளாக, பதினோரு மணிக்கு மேல்.