சாய்ந்த கற்றாழையை நிமிர்த்திய அனுபவம்

அஸ்தம்பட்டி, சேலம்

எங்கள் வீட்டுச் சோற்றுக்கற்றாழைக்கு ஐந்து வயது. தலைக்குத் தேய்க்க, மோரில் அடிக்க என்று அம்மா எப்போதும் அடி மடலாகப் பார்த்தே அறுப்பார். அதனால் கீழே ஒரு சாண் நீளத்துக்கு மொட்டைத் தண்டு, உச்சியில் மட்டும் தண்ணீர் நிறைந்த கனத்த மடல்கள். சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம், கோடை மழைக்கு முன்னால் அடித்த காற்றில் பிளாஸ்டிக் தொட்டியோடு விழுந்துவிட்டது. நிமிர்த்தி ஒரு குச்சி நட்டுக் கட்டினேன். இரண்டே நாளில் குச்சியும் சேர்ந்து சாய்ந்தது.

அப்புறம்தான் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே முக்கால்வாசி தேங்காய் நார்க்கழிவு, காய்ந்து பஞ்சாகக் கிடந்தது. அதில் குச்சியே நிற்காது, இவ்வளவு கனமான செடி எப்படி நிற்கும்?

இந்த முறை வாய் அகன்ற, உயரம் குறைந்த மண் தொட்டி வாங்கினேன். செம்மண் இரண்டு பங்கு, மணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, மக்கிய சாணம் இரண்டு கை. தண்டில் ஒட்டியிருந்த காய்ந்த மடல்களை உரித்து, பச்சையாக இருந்த அடி மடல் மூன்றையும் எடுத்துவிட்டு, மஞ்சள் பால் வடிந்து காயம் ஆறும்வரை நான்கு நாள் செடியை நிழலில் கிடத்தினேன். பிறகு மடல் தொடங்கும் இடம்வரை தண்டு முழுவதையும் மண்ணுக்குள் இறக்கினேன், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். மண் போடுவதற்கு முன்பே மூன்று மூங்கில் குச்சிகளை நிறுத்திவிட வேண்டும், பிறகு குத்தினால் வேர் அறுபடும். கட்டுவதற்குப் பழைய வேட்டிக் கிழிசல், எட்டு வடிவத்தில், தளர்வாக. சணல் கயிறு மடலை அறுத்துவிடுகிறது. ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஒன்றரை மாதம் கழித்துத் தண்டை லேசாக அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. குச்சிகளை எடுத்துவிட்டேன்.

ஏற்காடு

நீங்கள் சொல்கிற மாதிரியே நானும் ஆழப் புதைத்தேன், ஆனால் ஐப்பசியில். இங்கே 1,500 மீட்டர் உயரம், அடைமழையும் பனிமூட்டமுமாக மண் காயவே காயாது. மூன்றாவது வாரம் அடித்தண்டு கொழகொழவென்று அழுகி நாற்றம் அடித்தது. அழுகல் போகும்வரை சீவிக்கொண்டே போனேன், தண்டின் உள்ளே பழுப்பு ஒரு புள்ளிகூட இல்லாமல் வெளுப்பாகத் தெரிந்த பிறகுதான் நிறுத்தினேன். வேரே இல்லாத வெறும் தலை மிஞ்சியது. உடனே நட்டுவிடலாம் என்று கை பரபரத்தது. மாமியார்தான் தடுத்தார்: "திருஷ்டிக்கு வாசல்ல தலைகீழா கட்டுற கத்தாழை மாசக்கணக்கா மண்ணில்லாம இருக்குது, இதுக்கு என்னம்மா அவசரம்?" அடுப்படிப் பரணில் பதினைந்து நாள் வைத்தேன். வெட்டு வாய் தோல்போல இறுகியது. பிறகு மணல் அதிகம் சேர்த்து, இரண்டு விரல் ஆழம் மட்டும் புதைத்து, சுற்றிக் கூழாங்கல் அடுக்கித் தாங்கு கொடுத்து, தாழ்வாரத்தில் வைத்தேன். மலையில் ஆழத்தை நம்பாதீர்கள், கல்லை நம்புங்கள்.

இன்னொன்று, வீட்டைச் சுற்றி காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழல். வெளிச்சம் ஒரு பக்கம்தான் வருகிறது, செடி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு நீள்கிறது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைக்கிறேன்.

அம்மாபேட்டை, சேலம்

தொட்டி மாற்றிய கையோடு மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடாதீர்கள், என்னுடையது ஒரே வாரத்தில் செங்கல் நிறமாகிவிட்டது. நிழலுக்கு நகர்த்தியதும் மெல்லப் பச்சை திரும்பியது. பக்கக் கன்று எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

அஸ்தம்பட்டி, சேலம்

நான் சாய்வுப் பக்கம் இருந்த இரண்டை அப்படியே விட்டேன், தாய்ச்செடிக்கு முட்டுக்கொடுத்த மாதிரி இருக்கிறது. மற்றவற்றைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. அம்மாவும் இப்போது ஒரே பக்கமாக அறுப்பதில்லை, இந்தப் பக்கம் ஒன்று எடுத்தால் அடுத்தது எதிர்ப்பக்கம்தான்.