தேர் கோட்டோவியத்துக்கு வண்ணம் கொடுத்து வால்பேப்பர் ஆக்குவது: கோட்டோரத்தில் வெளிறிய கரை விழுகிறது

தேரடி:

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் ஆழித்தேர் நிலையை விட்டுப் புறப்படும் காட்சியை, ஏ4 தாளை அகலவாட்டில் வைத்து 0.3 மி.மீ. மைப்பேனாவால் வரைந்து முடித்திருக்கிறேன். அதை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்திருக்கிறேன். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வண்ணம் கொடுத்து, என் கணினிக்கும் அம்மாவின் கைபேசிக்கும் வால்பேப்பராக வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் பல நாட்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

தொம்பைக்கு (தேரில் தொங்கும் துணி உருளை), மூடிய பகுதியை நிறத்தால் நிரப்பும் ஃபில் டூலால் சிவப்பு ஊற்றினால், கறுப்புக் கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவே மெல்லிய வெளிறிய கரை ஒன்று விழுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டை ஒட்டி மாக்கோலம் இழுத்தது போல் இருக்கிறது. தேரின் அடிப்பகுதிச் சிற்பங்களில் சில கோடுகள் முனையில் சேராமல் விட்டுப்போனதால், அங்கே ஊற்றும் பழுப்பு நிறம் கசிந்து வானம் வரை ஏறிவிடுகிறது. இதையெல்லாம் ஒருவாறு சரிக்கட்டிக் கைபேசியில் வைத்துப் பார்த்தபோது, கலசத்தின் மேல் கடிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. வானமும் சீராக இல்லாமல் பட்டை பட்டையாகத் தெரிந்தது. எங்கே தவறுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மைக்கூடு:

வணக்கம் நண்பரே. முதலில் ஸ்கேனை மறுபடியும் எடுங்கள். ஏ4 தாள் 300 டிபிஐயில் 3508×2480 பிக்சல்தான் வரும். 4கே திரைக்கு 3840×2160 வேண்டும் என்பதால் அகலமே பற்றாது. 600 டிபிஐயில் எடுத்தால் 7016×4960 கிடைக்கும், உங்கள் 0.3 மி.மீ. கோடு அதில் சுமார் 7 பிக்சல் தடிமனில் நிற்கும். பிறகு சுருக்கும்போது கோடு மெலிந்தாலும் உடையாது.

வெளிறிய கரைக்கு வருகிறேன். மைக்கோட்டின் ஓரம் கறுப்பிலிருந்து சட்டென்று வெள்ளைக்கு மாறுவதில்லை. நடுவில் இரண்டு மூன்று சாம்பல் பிக்சல்கள் இருக்கின்றன. ஃபில் டூல் அந்தச் சாம்பலைக் கோடு என்று நினைத்து அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. கோடும் வண்ணமும் படத்தின் ஒரே லேயரில், அதாவது ஒரே அடுக்கில், இருக்கும்வரை இந்தத் தொல்லை தீராது. ஆகவே வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸ் கொண்டு தாளின் மஞ்சளைத் தூய வெள்ளையாக்கிவிட்டு, கோட்டு லேயரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மல்டிப்ளை என்ற கலப்பு முறைக்கு மாற்றுங்கள். மல்டிப்ளையில் வெள்ளை கீழே உள்ள நிறத்தை அப்படியே விட்டுவிடும். கறுப்பு கறுப்பாகவே நிற்கும். இடையில் உள்ள சாம்பல் பிக்சல்கள் கீழேயுள்ள சிவப்பையே சற்று இருட்டாக்கிக் காட்டும். பிறகு கீழே தனி லேயரில் வண்ணம் நிரப்புங்கள். ஃபில் டூலின் அமைப்பில் எல்லா லேயர்களையும் பார்க்கும்படி வைத்து, நிரப்பும் பரப்பைச் சற்று விரிக்கும் குரோ செலக்‌ஷனை 3 அல்லது 4 பிக்சல் கொடுத்தால், வண்ணம் கோட்டுக்கு அடியிலேயே புகுந்து மறைந்துகொள்ளும். கரை என்பதே இருக்காது.

சிற்பங்களைப் பற்றி என் கருத்து வேறு. அங்கே ஃபில் டூலைத் தொடவே வேண்டாம். ஆழித்தேரின் சிற்பங்கள் உள்ள அடிப்பகுதி மரம்; மேலே மூங்கில் கட்டித் துணி போர்த்தியிருப்பார்கள். அப்படியென்றால் அடிப்பகுதிக்கு ஒரே பழுப்புதான். கையால் சுற்றித் தேர்ந்தெடுக்கும் லாசோ கருவியால் அடிப்பகுதியின் வெளிவரம்பை மட்டும் சுற்றி எடுத்து ஒரே நிறத்தை நிரப்பிவிடுங்கள். உள்ளே இருக்கும் யாளியையும் குதிரையையும் உங்கள் கோடுகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. வண்ணம் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நூறு கட்டங்களுக்கு நூறு விதமாக நிறம் ஊற்றினால், பார்ப்பவர் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தேர் சிதறிப்போகும். கோடு சேராத இடங்களும் அப்போது ஒரு பொருட்டாக இராது.

நிழலுக்கும் அதே வழிதான். வானம் தவிர மற்ற எல்லாத் தட்டை வண்ணங்களையும் ஒரு குரூப்பில் போட்டு, அதே குரூப்புக்குள் அவற்றுக்கு மேல் ஒரே ஒரு லேயரை மல்டிப்ளை ஆக்கி, அதில் ஆல்ஃபா இன்ஹெரிட்டை (கீழே வண்ணம் உள்ள இடத்தில் மட்டும் தெரியவைக்கும் வசதி) இயக்கிவிட்டால், நிழல் தேரின் வரம்பைத் தாண்டி வானத்தில் விழாது. கறுப்பால் நிழல் போட வேண்டாம். மங்கலான நீலம் கலந்த ஊதா ஒன்றை எடுத்து மரத்துக்கும் துணிக்கும் ஆட்களின் தோலுக்கும் அதையே போடுங்கள். எல்லாம் ஒரே வெயிலில் நிற்பது போல் சேர்ந்துவிடும்.

வண்ணப்பெட்டி:

துணிப் பகுதியில் பெரிய மூடிய வடிவங்கள் இருப்பதால் அங்கே தானியங்கி வழிகளும் கைகொடுக்கும். கிரிட்டா 4.0 பதிப்பிலிருந்து, அதாவது 2018 முதல், கலரைஸ் மாஸ்க் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சிறு கீற்று வண்ணம் வைத்தால் மீதியை அதுவே பரப்பிவிடும். ஜிம்ப் என்ற மற்றொரு மென்பொருளின் 2.10.10 பதிப்பில் வந்த கோட்டோவிய நிரப்பலும் சிறு இடைவெளிகளைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் நுண்கோடுகள் நெருக்கமாக ஓடும் சிற்பப் பகுதியில் இவை இரண்டுமே தடுமாறும். அங்கே மைக்கூடு அவர்கள் சொன்ன லாசோ முறையே சரி.

கீழ்வானம்:

வானத்துப் பட்டைகளைப் பற்றி நான் சொல்கிறேன். இதில் நானும் நிறைய நாள் அல்லாடியிருக்கிறேன். 8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். காலை வானம் மேலிருந்து கீழே மெதுவாகத்தானே வெளுக்கும். அந்த மாற்றம் மொத்தம் 40 படிகளுக்குள் அடங்கிவிட்டால், 2160 பிக்சல் உயரத்தில் ஒரு படி 54 பிக்சல் அகலத்துக்கு நீளும். அதைத்தான் நீங்கள் பட்டையாகப் பார்க்கிறீர்கள். கோப்பை 16 பிட்டாக வைத்துக்கொண்டு வானத்தைத் தீட்டுங்கள். அது மட்டும் போதாது. 8 பிட்டில் சேமிக்கும்போது பட்டை திரும்ப வந்துவிடும் என்பதால், அதற்கு முன் வானத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்புள்ளிகளை நாய்ஸ் ஃபில்டரால் தூவ வேண்டும். படத்தை இறுதி அளவுக்குச் சுருக்கிய பிறகே தூவுங்கள். முன்பே தூவினால் சுருக்கும்போது புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து அழிந்துவிடும். பிஎன்ஜியாகச் சேமித்து, அம்மாவின் கைபேசிக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கி, பட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

கடிகாரம் மறைப்பது இடப் பங்கீட்டுப் பிரச்சினை. 7200×4050 அளவில் புதிய கேன்வாஸ் திறந்து, தேரின் உயரம் 3000 பிக்சல் வருமாறு ஸ்கேனைச் சிறிதாக்கி, நடுவில் கீழ்ப்பக்கமாக வையுங்கள். கலசத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 பிக்சல் வானம் கிடைக்கும். கடிகாரம் அங்கே தாராளமாக இருக்கட்டும். கணினிக்கு முழுப்படத்தையும் 3840×2160 ஆகச் சுருக்கலாம். 1080×2400 திரை கொண்ட கைபேசிக்கு நடுவிலிருந்து 1822 பிக்சல் அகலத்தை மட்டும் வெட்டியெடுக்கலாம். ஆகவே தேரும் வடத்தின் தொடக்கமும் அந்த 1822க்குள் அடங்க வேண்டும். கூட்டம் இருபுறமும் வெளியே விரியலாம். தாளில் வரையாத பக்கவாட்டு இடத்துக்குக் கோடு போட வேண்டாம். காலைப் புழுதியில் மங்கிய தலைகளாக வண்ணத்தால் மட்டும் காட்டினால் போதும். கணினித் திரையின் இடது ஓரத்தில் ஐகான்கள் நிற்பதால் அந்தப் பக்கம் மங்கலாக இருப்பதும் நல்லதே.

தேரடி:

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் எடுத்து, நேற்றிரவு உட்கார்ந்து அடிப்பகுதி முழுவதற்கும் ஒரே பழுப்பைக் கொடுத்தேன். சென்ற வாரம் முழுக்கக் கட்டம் கட்டமாக ஊற்றியும் வராத கனம், இந்த ஒரே நிறத்தில் வந்துவிட்டது. தொம்பைகளின் ஓரத்தில் கரையும் இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். மேலே துணிகளின் வெள்ளையும் மஞ்சளும் வந்த பிறகு, அவற்றின் மேல் ஓடும் கறுப்புக் கோடுகள் மட்டும் கம்பி போல் துருத்திக்கொண்டு தெரிகின்றன. கோட்டின் நிறத்தையே மாற்ற முடியுமா?

மைக்கூடு:

முடியும், மாற்றத்தான் வேண்டும். கோட்டு லேயரை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கலர் டு ஆல்ஃபா ஃபில்டரில் வெள்ளையைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். தாள் மறைந்து கோடு மட்டும் நிற்கும். இனி மல்டிப்ளை தேவையில்லை, நார்மலுக்கு மாற்றிவிடுங்கள். லேயரின் ஆல்ஃபாவை, அதாவது ஒளிபுகும் தன்மையை, பூட்டிவிட்டு அகலமான தூரிகையால் அதன் மேல் தீட்டினால், ஏற்கெனவே கோடு உள்ள இடத்தில் மட்டும் நிறம் மாறும்.

மஞ்சள் துணியின் மேல் அடர்ந்த செம்பழுப்பு, வெள்ளைத் துணியின் மேல் சாம்பல் கலந்த நீலம், சிவப்பின் மேல் கருஞ்சிவப்பு என்று, அந்தந்த இடத்து வண்ணத்தின் இருண்ட உறவினரை எடுங்கள். சக்கரங்களுக்கும் வடத்துக்கும் கறுப்பை அப்படியே விட்டுவிடுங்கள். கனம் தரையில் இருக்க வேண்டும். துணி மேலே காற்றில் அசைய வேண்டும். கலசத்தை ஒட்டிய கோடுகளை வானத்தின் நிறத்துக்குச் சற்று நெருக்கமாகக் கொண்டுபோனால், அண்ணாந்து பார்க்கும் உயரமும் கூடவே வந்துவிடும். முடித்ததும் கைபேசி வடிவத்தை இங்கே பதியுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.