கஸ்டம்ஸ் கேட்டா போன் பாஸ்வேர்டு சொல்லியே ஆகணுமா? சுங்கச் சட்டம் 108-ல "பொருள்"னா எது?

கூடல்நகர்க்காரன்
ரெண்டு நாளா மதுரை குரூப் எல்லாத்துலயும் ஒரே ஃபார்வர்டு: "மதுரை ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் கேட்டா போன் பாஸ்வேர்டு சொல்லியே ஆகணும். மறுத்தா மூணு மாசம் ஜெயில், 5,000 டாலர் அபராதம்." இந்தியச் சட்டத்துல எவனாவது டாலர்ல அபராதம் போடுவானா? மூணு மாசம்ங்கிறது பிரிட்டனோட 2000-ம் வருஷத்து பயங்கரவாதச் சட்டம், ஏழாவது அட்டவணை. 5,000 டாலர் நியூசிலாந்தோட 2018 சுங்கச் சட்டம். ரெண்டையும் வெட்டி ஒட்டி பெருங்குடி வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டாங்க. துபாய்க்கும் கொழும்புக்கும் போற சனம் இதைப் படிச்சுப் பயந்துகிட்டு இருக்கு. நம்ம 1962 சுங்கச் சட்டத்துல பயணி பாஸ்வேர்டு சொல்லணும்னு ஒரு வரி கிடையாது.

சுங்கம்_ரிட்டயர்டு
ஒரு வரி கிடையாதா? 108-வது பிரிவைப் படிச்சுட்டு எழுதுங்க தம்பி. கெஜட்டட் அதிகாரி சம்மன் கொடுத்து யாரையும் சாட்சியம் சொல்லவோ, ஆவணத்தையோ "வேறு எந்தப் பொருளையும்" கொண்டாந்து கொடுக்கவோ சொல்லலாம். வேறு எந்தப் பொருளும். அதுல பாஸ்வேர்டு அடங்காதா? ஃபார்வர்டுல மூணு மாசம்னு போட்டது தப்புதான். நம்ம ஊர்ல ஆறு மாசம். ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 214: உண்மை சொல்லக் கடமைப்பட்டவர் பதில் சொல்ல மறுத்தா ஆறு மாசம் வரைக்கும், இல்லைன்னா 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும். அதுக்கு மேல சுங்கச் சட்டம் 117-ல நாலு லட்சம் வரைக்கும் பெனால்டி இருக்கு.

ஒத்தக்கடை வக்கீல்
பொருள்னா கையில எடுத்துக் கொடுக்குறது. போன் பொருள், சிம் பொருள், பென் டிரைவ் பொருள். மண்டைக்குள்ள இருக்கிற ஆறு இலக்கம் எப்படிங்க பொருள் ஆகும்? நாடாளுமன்றம் வேணும்னு நினைச்ச இடத்துல எழுதியிருக்கு. 2017 ஜிஎஸ்டி சட்டம் 67(4)-ல மின்னணுச் சாதனத்தை உடைச்சுத் திறக்கலாம்னு வார்த்தையே இருக்கு. 2025 வருமான வரிச் சட்டத்துல, நுழைவுக் குறியீடு கிடைக்கலைன்னா அதைத் தாண்டி உள்ள போகலாம்னு இருக்கு. சுங்கச் சட்டத்துல அப்படி இல்லை. இல்லாததை "வேறு எந்தப் பொருள்"ங்கிற வாலைப் பிடிச்சு இழுத்துக் கொண்டுவர முடியாது.

சுங்கம்_ரிட்டயர்டு
வக்கீல் சார் முதல் பாதியை முழுங்கிட்டு ரெண்டாம் பாதியை மட்டும் படிக்கிறாரு. "சாட்சியம் சொல்ல"ன்னும் அதே பிரிவுலதான் இருக்கு. 108(3): எதைப் பத்திக் கேட்டாலும் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர். பாஸ்வேர்டு பொருளா இல்லையான்னு அவரு சுத்திக்கிட்டே இருக்கட்டும். பொருள்னா பொருள்ல வருது, இல்லைன்னா சாட்சியத்துல வருது. எங்கிட்டு ஓடினாலும் 108-தான்.

ஒத்தக்கடை வக்கீல்
அப்போ அது சாட்சியம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நல்லது. சாட்சியம்னா அரசியலமைப்பு 20(3) வருது: குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிரா சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது.

சுங்கம்_ரிட்டயர்டு
ஒத்துக்கவே இல்லை. 20(3) குற்றம் சாட்டப்பட்டவருக்கு. சுங்க விசாரணையில உட்கார்ந்திருக்கிறவர் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லைன்னு ரமேஷ் சந்திர மேத்தா வழக்குல 1968-லயே சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு நீதிபதி அமர்வு சொல்லியாச்சு. கஸ்டம்ஸ்காரன் போலீஸ் இல்லை. அதனாலதான் 108 வாக்குமூலம் கோர்ட்டுல நிக்குது. ஒத்தக்கடையில ஹைகோர்ட் கிளைக்குப் பக்கத்துல இருந்துகிட்டு இது தெரியாம எழுதுறது எனக்கு வருத்தமா இருக்கு.

ஒத்தக்கடை வக்கீல்
1968-ல யார் கையிலயும் செல்போன் கிடையாது. சுப்ரீம் கோர்ட்டோட 2010 செல்வி தீர்ப்பு, 20(3) பாதுகாப்பு விசாரணைக் கட்டத்துக்கும் உண்டு, சந்தேக நபருக்கும் சாட்சிக்கும் உண்டுன்னு சொல்லுது. 2017 ஆகஸ்ட் 24-ல புட்டசுவாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. 2020-ல தூஃபான் சிங்கும் வந்தாச்சு, அது தமிழ்நாட்டு வழக்கு.

சுங்கம்_ரிட்டயர்டு
தூஃபான் சிங் போதைப்பொருள் சட்டம். 67-வது பிரிவு வாக்குமூலம். 108 இல்லை! அறுபத்தேழையும் நூத்தி எட்டையும் ஒண்ணாக் குழப்புறவர் மத்தவங்களுக்குச் சட்டம் சொல்றாரு. போன தடவை நகைத் திரியிலயும் இதே கதைதான். பொம்பளைங்க எல்லாரும் 40 கிராம் வரியில்லாமக் கொண்டு வரலாம்னு எழுதினாரு. ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு மட்டும்தான்னு நான் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் திருத்தலை.

ஒத்தக்கடை வக்கீல்
அந்தத் திரியிலயே திருத்திட்டேன், நீங்கதான் திரும்பிப் பார்க்கலை. இங்க நகை பேச்சு இல்லை. கேள்விக்குப் பதில் சொல்லுங்க: பாஸ்வேர்டு பொருளா?

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்
அண்ணே, ரெண்டு பேரும் பொருள் பொருள்னு அடிச்சுக்கிறீங்க. போன் எந்த நிலையில கைமாறுதுங்கிறதுதான் முக்கியம். ஸ்விட்ச் ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, ஒரு தடவை கூட பாஸ்வேர்டு போடாம இருந்தா அதோட குறியாக்கச் சாவி மெமரியில இருக்காது. தரவு உறிஞ்சுற கருவியை மாட்டினாலும் பெரும்பாலான தரவு பூட்டியே கிடக்கும். ஒரு தடவை திறந்துட்டு வெறும் லாக் போட்ட போன் அப்படி இல்லை, சாவி மெமரியிலயே உட்கார்ந்திருக்கும். அதனால இறங்குறதுக்கு முன்னாடி லாக் பண்ணினா பத்தாது, முழுசா ஆஃப் பண்ணணும். லேப்டாப்பும் அப்படித்தான். மூடியை மூடினா தூங்கத்தான் செய்யும். விண்டோஸ்ல ஷட்டவுன் கொடுக்கணும். விண்டோஸோட டிஸ்க் பூட்டு பிட்லாக்கர் போட்டிருந்தா மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்குல கிடக்குதான்னும் பார்த்துக்கணும்.

பேட்டர்ன் லாக்கைத் தூக்கிப் போடுங்க. ஒன்பது புள்ளியில மொத்தமே 3,89,112 கோலம்தான். அதுலயும் விரல் எண்ணெய் கண்ணாடி மேல கோடாவே தெரியும், போனைச் சாய்ச்சுப் பிடிச்சா வாசிச்சுடலாம். நாலு இலக்கம்னா பத்தாயிரம், ஆறு இலக்கம்னா பத்து லட்சம். எழுத்தும் எண்ணும் கலந்து போடுறதுதான் சரி.

டிக்கெட்_தெப்பக்குளம்
தம்பி, ஆஃப் பண்ணச் சொல்றீங்க சரி. போர்டிங் பாஸ் போன்ல, விசா பிடிஎஃப் போன்ல, ஓட்டல் புக்கிங் போன்ல. கவுன்ட்டர்ல நின்னுகிட்டு ஆன் பண்ணி பாஸ்வேர்டு போட்டா நீங்க சொன்ன பூட்டு அங்கேயே திறந்துருச்சு. எல்லாத்தையும் காகிதத்துல பிரின்ட் எடுத்துக்கணும், பாஸ்போர்ட்டுக்குள்ள மடிச்சு வச்சுக்கணும். இன்னொண்ணு: இங்க யாரும் மூணு பேரையும் பிரிச்சுப் பேசலை. புறப்படும்போது லேப்டாப்பை ஆன் பண்ணிக் காட்டச் சொல்றது சிஐஎஸ்எஃப். அது ஓடுற மிஷினான்னு பார்க்கத்தான், உள்ள இருக்கிற ஃபைலைப் பார்க்க இல்லை. பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறது குடியேற்றப் பிரிவு, உள்துறை. கஸ்டம்ஸ் நிதித்துறை. 108 அவங்க ஒருத்தருக்குத்தான்.

கூடல்நகர்க்காரன்
அக்கா சொன்னது சரி. கஸ்டம்ஸ்லயும் கிரீன் சேனல்ல (வரி கட்ட எதுவும் இல்லைங்கிறவங்க போற வழி) நிக்கிற இன்ஸ்பெக்டர் கெஜட்டட் கிடையாது. சூப்பரின்டென்டன்ட்ல இருந்துதான் 108 சம்மன். அதுவும் எழுத்துல. 2019 நவம்பர்ல இருந்து அந்தக் காகிதத்துல டின் எண் (ஆவண அடையாள எண்) இருக்கணும், மறைமுக வரி வாரியத்தோட தளத்துல அதைப் போட்டுச் சரி பார்க்கலாம். வாய்ல கேட்டா அது சம்மன் இல்லை.

சுங்கம்_ரிட்டயர்டு
சூப்பரின்டென்டன்ட் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பாரு. சம்மன் அடிக்க அஞ்சு நிமிஷம். அடிச்சு நீட்டினப்புறம் என்ன செய்வீங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க.

சர்வீஸ் தம்பிக்கும் ஒண்ணு. பூட்டு பூட்டுன்னு சொல்லிக் கொடுக்குறீங்களே, கைரேகையை மறந்துட்டீங்க. 1961-ல காத்தி காலு ஓகத் வழக்கு, பதினோரு நீதிபதிகள்: விரல் ரேகை கொடுக்குறது தனக்கு எதிரான சாட்சி ஆகாது. விரலை வச்சுத் திற ஐயான்னு சொன்னா வக்கீலோட 20(3) எங்க போகும்?

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்
மறக்கலைண்ணே, எழுத வந்தேன். ஐபோன்ல பக்கவாட்டுப் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து ரெண்டு செகண்டு அழுத்திப் பிடிச்சா முகம், விரல் ரெண்டும் செத்துரும், பாஸ்கோடுதான் கேட்கும். ஆண்ட்ராய்டுல பவர் மெனுவுல லாக்டவுன் இருக்கும். சில மாடல்ல அதை செட்டிங்ஸ்ல முதல்ல ஆன் பண்ணி வைக்கணும், அதை ஊர்லயே பண்ணிக்கணும். முழுசா ஆஃப் பண்ணினா இது எதுவுமே தேவையில்லை.

ஒத்தக்கடை வக்கீல்
கைரேகைக்குச் சொன்னதைப் பாஸ்வேர்டுக்கு இழுக்காதீங்க. ரேகை உடம்பு, பாஸ்வேர்டு நினைவு. 2022-ல டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் பாஸ்வேர்டைச் சொல்ல வற்புறுத்த முடியாதுன்னு சொல்லியாச்சு.

சுங்கம்_ரிட்டயர்டு
2021-ல கர்நாடக ஹைகோர்ட், வீரேந்திர கன்னா வழக்கு: பாஸ்வேர்டு கொடுக்குறது தனக்கு எதிரான சாட்சி ஆகாது. ஹைகோர்ட் பெருசா, சிறப்பு நீதிமன்றம் பெருசா? எல்கேஜி புள்ளைக்கும் தெரியும்.

ஒத்தக்கடை வக்கீல்
அதே கன்னா தீர்ப்புல, ஆள் மறுத்தா தேடுதல் வாரன்ட் வாங்கிட்டு வாங்கன்னு இருக்கே, அதை ஏன் முழுங்கினீங்க? வாரன்ட் எங்கேன்னுதான் நானும் கேட்கிறேன். அதுவும் பெங்களூர்த் தீர்ப்பு, மதுரைக் கிளையைக் கட்டுப்படுத்தாது. டெல்லி சிறப்பு நீதிமன்றமும் கட்டுப்படுத்தாது, அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. 108-ல இருக்கிற "பொருள்" பாஸ்வேர்டு இல்லைங்கிறதுதான் என் பேச்சு.

டிக்கெட்_தெப்பக்குளம்
அமெரிக்கா போறவங்க இதைப் படிச்சுட்டு அங்க போய் வாதாடாதீங்க, அங்க வேற. அந்த நாட்டு கஸ்டம்ஸோட 2018 ஜனவரி உத்தரவுப்படி ரெண்டு வகைத் தேடுதல். கையால தள்ளித் தள்ளிப் பார்க்கிறதுக்குச் சந்தேகமே தேவையில்லை. கருவி மாட்டி நகல் எடுக்க நியாயமான சந்தேகமோ, தேசப் பாதுகாப்புக் காரணமோ, மேலதிகாரி ஒப்புதலோட வேணும். பார்க்கும்போது நெட்டைத் துண்டிக்கணும், போனுக்குள்ள இருக்கிறதை மட்டும்தான் பார்க்கலாம், மேகக் கணக்குல இருக்கிறதை இறக்கக் கூடாது. வழக்கமா அஞ்சு நாளுக்குள்ள திருப்பணும், வச்சுக்கிட்டா 6051டி படிவம் கொடுப்பாங்க, அதை வாங்காம நகரக் கூடாது. அந்த நாட்டுக் குடிமகனை உள்ள விடாம இருக்க முடியாது. விசாவுல போறவங்க மறுத்தா திருப்பி அனுப்பிடலாம். 2024 நிதியாண்டுல அவங்க பார்த்த சாதனம் 47 ஆயிரத்துச் சொச்சம், உள்ள போன பயணிகள் 42 கோடி.

கூடல்நகர்க்காரன்
பயத்துல வாட்ஸ்அப்பையும் போட்டோவையும் அழிச்சுட்டுப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. அழிச்சது அழியாது. ஐபோன்ல "சமீபத்தில் நீக்கியவை"யில 30 நாள் கிடக்கும், கூகுள் போட்டோஸ் குப்பைத் தொட்டியில பேக்கப் ஆன படம் 60 நாள்.

சுங்கம்_ரிட்டயர்டு
விசாரணை வருதுன்னு தெரிஞ்சு அழிச்சா அது தனிக் குற்றம். நியாய சன்ஹிதா 241, மின்னணுப் பதிவுன்னே எழுதியிருக்கு. பூட்டச் சொல்லிக் கொடுக்கிறவங்க இதையும் சேர்த்துச் சொல்லணும். எங்காளுங்க தங்கம் கடத்துற குருவியைத்தான் தேடுறாங்க, உங்க வீட்டுக் கல்யாண போட்டோவை இல்லை.

ஒத்தக்கடை வக்கீல்
குருவியைப் பிடிங்க, யார் வேணாங்கிறது? குருவி பையில இருக்கும் தங்கம், பாஸ்வேர்டுல இருக்காது.

போனைப் பிடுங்கினா செய்ய வேண்டியதை எழுதுறேன், படிக்கிறவங்களுக்கு உதவும். 110-வது பிரிவுல கைப்பற்றினா மகஜர் எழுதணும், ரெண்டு சாட்சி வேணும். போனோட அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் அதுல ஏறணும். *#06# போட்டா வரும், பல மாடல்ல எமர்ஜென்சி டயலர்லயே வேலை செய்யும். ரெண்டு சிம் போன்னா ரெண்டு எண். ஒரு இலக்கம் மாறினாலும் நாளைக்கு அது உங்க போனே இல்லைன்னு ஆயிரும், ஒவ்வொரு இலக்கமா விரல் வச்சுப் பாருங்க. போன் ஆன்ல இருந்ததா ஆஃப்ல இருந்ததா, திரை உடைஞ்சிருந்ததா, எத்தனை மணின்னு எழுதச் சொல்லுங்க. கவர் ஒட்டின வாய் மேல காகிதத்தை ஒட்டி, பாதி கையெழுத்து காகிதத்துலயும் பாதி கவர்லயும் விழற மாதிரி போடுங்க. நகல் எடுத்தா ஹாஷ் எண் (தரவுல ஒரு எழுத்து மாறினாலும் மாறிடுற அடையாள எண்) கேளுங்க, 2023 சாட்சிய அதினியம் 63(4) சான்றிதழ்ல அதுக்கு இடமே இருக்கு. 110(4)-ன்படி கைப்பற்றின ஆவணத்துக்கு அதிகாரி முன்னாடி நகல் எடுத்துக்க உங்களுக்கு உரிமை உண்டு. உடம்பைச் சோதிக்கணும்னா 102-ல கெஜட்டட் அதிகாரிகிட்டயோ மாஜிஸ்திரேட்டுகிட்டயோ கூட்டிட்டுப் போகச் சொல்லலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்கணும்.

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்
ஹாஷ் விஷயத்துல ஒரு திருத்தம் வக்கீலய்யா. ஹார்ட் டிஸ்க்னா எழுத விடாம தடுக்கிற கருவி மாட்டி நகல் எடுக்கலாம், எத்தனை தடவை எடுத்தாலும் ஹாஷ் ஒண்ணுதான் வரும். ஓடுற போன் அப்படி இல்லை. ஆன்ல இருக்கிற போன் நொடிக்கு நொடி எழுதிக்கிட்டே இருக்கும், ரெண்டாவது தடவை எடுத்தா ஹாஷ் மாறும். அதனால முதல் தடவை எடுத்த நகலோட ஹாஷை அப்பவே காகிதத்துல வாங்கணும். அலை புகாத பைக்குள்ள போட்டாங்களான்னும் பாருங்க, இல்லைன்னா வெளியில இருந்து யாரும் அழிக்கலாம், அந்தப் பழி உங்க தலையில விழும்.

சுங்கம்_ரிட்டயர்டு
இவ்வளவு எழுதினீங்க. சம்மன் நீட்டினா என்ன செய்வீங்கன்னு கேட்டேன், ஒருத்தரும் பதில் சொல்லலை.

ஒத்தக்கடை வக்கீல்
வாங்கிக்குவோம். ஆஜராவோம். போனைக் கொடுப்போம். பாஸ்வேர்டு பொருள் இல்லைன்னு எழுத்துல கொடுத்துட்டு அரசியலமைப்பு 226-ல ரிட் போட்டு மதுரைக் கிளைக்குப் போவோம்.

சுங்கம்_ரிட்டயர்டு
போங்க. நீதிபதி முதல்ல கேட்கப்போறது 108(3). "வேறு எந்தப் பொருளும்"னு இருக்கு. வேறு. எந்தப். பொருளும்.

ஒத்தக்கடை வக்கீல்
கையில எடுத்துக் கொடுக்க முடியாதது பொருள் இல்லை. நீங்க கொடுத்துக் காட்டுங்க, நான் பார்க்கிறேன்.

சுங்கம்_ரிட்டயர்டு
தாள்ல எழுதினா பொருள்தானே?

ஒத்தக்கடை வக்கீல்
தாள் பொருள். எழுத வைக்கிறதுதான் வற்புறுத்தல்.

டிக்கெட்_தெப்பக்குளம்
அந்த ஃபார்வர்டு இப்போ "ஆறு மாசம் ஜெயில், ரிட்டயர்டு அதிகாரி உறுதி"ன்னு மாறி என் குரூப்புக்கே வந்திருக்கு.

சுங்கம்_ரிட்டயர்டு
214-ல ஆறு மாசம்தான் இருக்கு. நான் சொன்னதுல என்ன தப்பு?