கவுண்டரில் ஒரு சட்டம், வாசலில் ஒரு சட்டம்

டெல்டாக்காரன்:
பழைய கதைதான், ஆனால் இன்னும் உறுத்துகிறது. அப்பாவுக்கு 71 வயது. 60 கிலோமீட்டர், பாசஞ்சர் வண்டி, 15 ரூபாய் டிக்கெட். கூட்டம் சேருமுன் வாங்கிவிடலாம் என்று 12.40க்கே வாங்கிவிட்டார். அடுத்த வண்டி 4.50க்குத்தான். "மூணு மணி நேரம்தான் செல்லும்கறாங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். "முதல் வண்டியே அதுதானே பெரியவரே, தாராளமா போங்க" என்றார் கவுண்டர்காரர். இறங்கிய ஊரில் வாசலில் நின்ற பரிசோதகர் டிக்கெட்டில் இருந்த நேரத்தை விரலால் தட்டிக் காட்டினார். "மூணு மணி நேரம் தாண்டிடுச்சு. இது வித்தவுட்." அந்த ஒரு சொல்! முப்பது வருஷம் சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போன மனுஷன், நாலு பேர் பார்க்க, 265 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

மலைக்கோட்டை:
எனக்கு நேர்மாறு. நாக்பூரிலிருந்து மதுரைக்கு டிக்கெட், வழியில் இறங்கி இரண்டு நாள் தங்க வேண்டும். விசாரணை ஜன்னலில் "பிரேக் ஜர்னியா? அதையெல்லாம் எப்பவோ எடுத்தாச்சே" என்று சிரித்தார்கள். பத்தடி தள்ளி ஸ்டேஷன் மாஸ்டர் அறை. அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பாசஞ்சர்பிரியன்:
டெல்டா, அப்பா பணம் கொடுத்தது தப்பு. முன்பதிவில்லாத டிக்கெட் 199 கிலோமீட்டர் வரை மூன்று மணி நேரம், அல்லது அந்த ஊருக்கான முதல் வண்டி கிளம்பும் வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை செல்லும். 2016 மார்ச்சிலிருந்து இதுதான். பாதி விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் வாசலில் நிற்கிறார்கள். 200 கிலோமீட்டருக்கு மேல் என்றால் மூன்று நாள் முன்பே எடுத்து வைக்கலாம். ரயில்வேயின் செல்போன் செயலியில் எடுத்தால் செயலிக்குள்ளேயே காட்டுங்கள், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. மலைக்கோட்டை, உங்களுக்கும் ஒன்று: 500 கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் முதல் பிரேக். சென்னையிலிருந்து கிளம்பி மதுரையில் இறங்கிக் கேட்டால் கிடைக்காது, தூரம் 500-ஐத் தொடாது. எனக்கு நடந்தது சின்னதுதான், பிளாட்பாரம் டிக்கெட்டை ஒருவர் ஒரு மணி நேரம் என்றார், இன்னொருவர் இரண்டு என்றார். இரண்டுதான் சரி.

மலைக்கோட்டை:
71 வயதுக்காரர் வாசலில் நின்று சட்டம் பேச வேண்டுமா? நல்லா இருக்கு.

டெல்டாக்காரன்:
அவருக்கும் விதி தெரியும் அண்ணா, அதனால்தான் கேட்டு வாங்கினார். அபராத ரசீது இன்னும் பர்ஸில் இருக்கிறது. எதற்கு என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார். இப்போதெல்லாம் பஸ்தான்.