விரல் மதமதப்பு: கழுத்தா, மணிக்கட்டா, சுகரா?

பெரியாற்றங்கரை (கேள்வி)

அம்மாவுக்கு 51 வயது. வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். கையால் கிள்ளுவது குறைந்து, இப்போது பெரும்பாலும் கத்திரி வேலைதான். சில மாதமாக வலது கை விரல்கள் மதமதவென்று இருக்கின்றன, எறும்பு ஊர்கிற மாதிரி. நடுராத்திரி எழுந்து கையை உதறுகிறார். சுகர் உண்டு, மெட்ஃபார்மின் 1000 காலையும் இரவும், பல வருடமாக. மருந்துக்கடையில் கொடுத்த சத்து மாத்திரையில் ஒன்றும் குறையவில்லை. சுகர்தான் காரணம் என்கிறார்கள் சிலர், கழுத்து எலும்பு தேய்மானம், எம்.ஆர்.ஐ. எடு என்கிறார்கள் சிலர். முதலில் எதைப் பார்ப்பது? கோட்டயம் போகணுமா, தேனி போதுமா?

நரம்பும் தசையும் (பதில்)

எம்.ஆர்.ஐ. இருக்கட்டும். எந்தெந்த விரல் என்று அம்மாவிடம் கேளுங்கள். "கை முழுக்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். ராத்திரி மதமதக்கும்போதே ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி: இது மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குவது, கார்பல் டனல். அந்தக் குறுகிய வழியில் நரம்போடு ஒன்பது தசைநாண்கள் போகின்றன. பிடித்து அமுக்கும் வேலையில் அவற்றின் உறை வீங்கினால் நரம்புக்கு இடமில்லை. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால்தான் ராத்திரியில் எழுப்பிவிடுகிறது, உதறினால் தணியும்.

சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் முழங்கையில் அல்னார் நரம்பு. முழங்கையை முழுக்க மடக்கி ஒரு நிமிஷம் வைத்தால் சுண்டு விரல் மதமதக்கும்.

கழுத்திலிருந்து வந்தால் விரலோடு நிற்காது. தோள், முன்கை வழியாக மின்சாரம் பாய்வதுபோல் வலி இறங்கும். கையைத் தலைமேல் வைத்தால் பலருக்கு இதமாக இருக்கும். ஐம்பது வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பாதிப் பேருக்காவது தேய்மானம் தெரியும். அதற்காக விரலுக்கும் அதுவே காரணம் என்று முடிவுகட்ட முடியாது.

வீட்டிலேயே ஒரு சோதனை: இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டை மடக்கி 60 வினாடி. அதற்குள் அதே விரல்களில் மதமதத்தால் மணிக்கட்டு மேல் சந்தேகம் வலுக்கும். மதமதக்கவில்லை என்பதற்காக இல்லை என்றும் ஆகாது. கட்டைவிரல் அடிச்சதை இடது கையைவிடத் தட்டையாகி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லேப் மேசை (பதில்)

சுகர் நரம்பு பாதிப்பு பொதுவாகப் பாதத்தில் ஆரம்பிக்கும், இரண்டு காலிலும். அது கெண்டைக்கால் ஏறி முழங்கால் பக்கம் வந்த பிறகே விரல் நுனியைத் தொடும். கால் நன்றாக இருந்து ஒரு கை மட்டும் மதமதத்தால் சுகரை நேரடியாகக் குற்றம் சொல்ல வேண்டாம். ஆனால் சுகர் உள்ளவர்களுக்கும் தைராய்டு குறைந்தவர்களுக்கும் கார்பல் டனல் அதிகம் வரும். அதனால் ஹெச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சுகர் சராசரி), டி.எஸ்.ஹெச். (தைராய்டு டெஸ்ட்) இரண்டும் பார்க்கணும்.

அம்மாவுக்கு முக்கியமாக பி12. நாளுக்கு 2000 மி.கி. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போனால் பி12 உடலில் சேர்வது குறையலாம். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200 முதல் 300 வரை இரண்டுங்கெட்டான், டாக்டர் ஹோமோசிஸ்டீன் என்ற இன்னொரு ரத்த டெஸ்ட்டும் கேட்கலாம். ரத்தம் கொடுப்பதற்கு முன்பே பி12 மாத்திரை விழுங்கியிருந்தால் அளவு நன்றாக இருப்பதுபோல் காட்டும். சத்து மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். பி12 குறைவுக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியாகும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பி6 உள்ள மாத்திரையை அதிக அளவில் மாதக்கணக்கில் தின்றால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இது கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பி.ஹெச்.சி. வராந்தா (பதில்)

தோலையும் பாருங்கள். வெளிறிய அல்லது சிவந்த தேமல், தொட்டால் உணர்ச்சியில்லை, அந்த இடத்தில் வியர்வையில்லை. அல்லது முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறுபோல் தடித்திருக்கிறது என்றால் தொழுநோய் சோதனை அவசியம். வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். தாமதித்தால் விரல் மடங்கிப்போகும். டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அதிலுள்ள ஐசோனியசிடால் விரல் மதமதக்கலாம். அது பி6 குறைவதால்.

திடீரென ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் 108. கேரளா, தமிழ்நாடு இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

பெரியாற்றங்கரை

கேட்டேன். சுண்டு விரலில் இல்லவே இல்லை. புறங்கை ஒட்டிப் பிடித்ததில் அரை நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. பாதம் நன்றாக இருக்கிறது, தேமல் இல்லை. அடிச்சதையும் வற்றவில்லை.

நரம்பும் தசையும்

அப்படியானால் கார்பல் டனலாகத்தான் இருக்கும். ரத்த டெஸ்ட்டை நிறுத்தாதீர்கள், பி12 குறைவும் சேர்ந்தே இருக்கலாம். சர்ஜிக்கல் கடையில் மணிக்கட்டு ஸ்ப்ளின்ட் (மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் கட்டு) வாங்குங்கள். எலாஸ்டிக் பட்டை போதாது. உள்ளே ஒரு உலோகத் தகடு இருக்கும், பெரும்பாலும் மேல்பக்கம் வளைத்தே வரும். அதை உருவி நேராக்கிவிட்டு மாட்டணும். வளைந்தபடி கட்டினால் உள்ளே அழுத்தம் கூடி, பயனில்லை என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். விரல்கள் தாராளமாக அசையணும். தினமும் ராத்திரி, குறைந்தது 6 வாரம்.

கத்திரி மழுங்கியிருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதலாக அமுக்க வேண்டிவரும். சாணை பிடித்துக் கொடுங்கள்.

குறையவில்லை என்றால் நரம்புக் கடத்தல் சோதனை, நரம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்ப்பது. தேனி மெடிக்கல் காலேஜோ கோட்டயமோ, எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே; முன்கூட்டியே விசாரித்துவிட்டு மலையிறங்குங்கள். கை சில்லிட்டிருந்தால் நரம்பு மெதுவாக வேலை செய்வதாகப் பொய்யாகக் காட்டும். வண்டிப்பெரியார் குளிரிலிருந்து நேரே போய்ப் படுக்க வேண்டாம், கையைச் சூடாக்கிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசி போடுவதாகச் சொன்னால் சுகர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள், சில நாள் அளவு ஏறும். அடிச்சதை வற்றத் தொடங்கினாலோ, பிடித்த டம்ளர் நழுவினாலோ 6 வாரம் காத்திருக்காதீர்கள். அப்போது ஆபரேஷன் பற்றிப் பேசும் நேரம். வற்றிய சதை முழுசாகத் திரும்புவது அரிது.