குவாதலூப்: அம்மாவோடு 12 நாள், ஓட்டல் இல்லாமல் தங்க இடம் வேண்டும்

புதுவைக்காரி:
பாரிசில் இருக்கிறோம். பிப்ரவரியில் நானும் கணவரும் கரீபியன் கடல் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போகிறோம். புதுச்சேரியிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆசை. ஒரு இரவுக்கு 70 யூரோவுக்கு மேல் முடியாது, கடற்கரை ஓட்டல், நீச்சல் குளம், கையில் வளையம் மாட்டிவிடும் பஃபே எதுவும் வேண்டாம். எந்தத் தளத்தில் தேடினாலும் கோசியே, சேன்த் ஆன், சேன் ஃபிரான்சுவா இந்த மூன்று ஊர்தான் திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் 130, 150 என்று. அம்மா சைவம், அதனால் சமையலறை கட்டாயம். கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? உள்ளூர் ஆட்கள் நடுவில் தங்குகிற மாதிரி எந்த ஊர் நல்லது?

தீவுக்காற்று:
குவாதலூப் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தீவு, கிழக்கே கிராந்தேர், மேற்கே மலைப்பாங்கான பாஸ்தேர். அந்த மூன்று ஊரும் கிராந்தேர் பக்கத்துத் தெற்குக் கடற்கரை. வெள்ளை மணல், அமைதியான கடல், அதனால் ஓட்டல் எல்லாம் அங்கேதான். தேடலை மேற்கே பாஸ்தேர் பக்கம் நகர்த்துங்கள். புய்யாந்த், வியூ அபித்தான், த்ருவா ரிவியேர், இந்த மாதிரி ஊர்களில் 'ஜீத்' என்று தேடுங்கள். வீட்டுக்காரர் முன்வீட்டில் இருப்பார், பின்னால் தோட்டத்தில் ஒரு அறை, சமையல் மேடை, திண்ணை, அவ்வளவுதான். 50 முதல் 70க்குள் கிடைக்கும். பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வாரக் கணக்கில்தான் விடுவார்கள், 12 நாள் என்றால் சிலர் தயங்குவார்கள், அதனால் 14 ஆக்கினால் விலை பேச வசதி. பிப்ரவரியில் பிரான்சின் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும், இப்போதே எழுதிவிடுங்கள்.

கார் இல்லாமல் முடியாது, சொல்லிவிட்டேன். பஸ் இருக்கிறது, ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நம்ப முடியாது, ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட இல்லை. ஆறு மணிக்கெல்லாம் இருட்டியும் விடும்.

நெல்லைத்தம்பி:
கார் வாடகையைச் சேர்த்தால் 70 யூரோ கணக்கெல்லாம் காற்றில் போய்விடும். அதற்குக் கோசியேயிலேயே ஒரு ஸ்டூடியோ எடுத்துவிட்டு பக்கத்து நகரமான புவாந்தாபித்ருக்குப் பஸ்ஸில் போய்வரலாமே? உள்ளூர் வாழ்க்கை பார்க்க வேண்டும் என்பதற்காக வயதானவரை மலைச்சரிவில் ஒரு தனி வீட்டில் உட்கார வைப்பது சரியா என்று யோசியுங்கள்.

தீவுக்காற்று:
தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் கோசியேயில் இருந்துகொண்டு சூஃப்ரியேர் எரிமலையோ கார்பே அருவியோ பார்க்கவும் கார்தானே வேண்டும். காலையில் வழியில் ஜாரி பக்கம் மாட்டும் நெரிசலைப் பார்த்தால் பாரிஸ் சுற்றுச்சாலையே தேவலை என்று தோன்றும். அதற்குப் பாஸ்தேரிலேயே தங்கிவிடலாம். வீடு சரிவில் இருக்கிறதா, எத்தனை படி என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள், படத்தில் அது தெரியாது.

கரைக்கால்:
யாரும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லையே. குவாதலூப்பில் குழாய் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும் பல ஊரில், சில இடத்தில் நாள் கணக்கில் வராது. மலையில் மழைக்குக் குறைவில்லை, குழாய்கள்தான் பழசு, பாதிக்கு மேல் கசிந்தே போகிறது. பெரிய ஓட்டல்களுக்குச் சொந்தத் தொட்டி இருக்கும், மலிவான வீட்டுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முன்பணம் அனுப்புமுன் "சித்தேர்ன் (தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா, எத்தனை லிட்டர், மோட்டார் வேலை செய்கிறதா" என்று மூன்றையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த வீடு. நாங்கள் தங்கிய ஒரு வீட்டில் தொட்டி இருந்தது, மோட்டார் இல்லை. வாளியில் மொண்டு குளித்தோம், ஊர்ப் பக்கம் போன மாதிரி இருந்தது என்று என் மாமியார் மட்டும் சந்தோஷப்பட்டார்.

இன்னொன்று, சர்காசம் பாசி. அட்லாண்டிக் பார்த்த கிழக்குக் கரையில் ஒதுங்கி அழுகும், அழுகின முட்டை நாற்றம், தலைவலி வரும். வசந்த காலத்திலிருந்துதான் அதிகம், ஆனால் எந்த மாதமும் உறுதி கிடையாது. கடலோரம் வீடு மலிவாகக் கிடைத்தால் முதலில் அது எந்தப் பக்கக் கடல் என்று வரைபடத்தில் பாருங்கள். கரீபியன் பக்கம், அதாவது மேற்குக் கரையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மணல் மட்டும் கறுப்பாக இருக்கும், எரிமலை மண்.

புதுவைக்காரி:
ஐயோ, தண்ணீர் விஷயம் எந்தத் தளத்திலும் போடவில்லை! நன்றி அக்கா. மரி கலாந்த் தீவு எப்படி? அங்கே மலிவு என்கிறார்கள்.

கரைக்கால்:
அருமையான இடம், கரும்புக் காடு, ரம் காய்ச்சும் ஆலைகள், சந்தடி கிடையாது. புவாந்தாபித்ரிலிருந்து கப்பல் ஒரு மணி நேரம். அலை பலமாக இருந்தால் வயிற்றைக் கலக்கும், அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பாருங்கள். போனால் மேற்கே சேன் லூயி பக்கம் தங்குங்கள், கபெஸ்தேர் ஊர் கிழக்கில் இருக்கிறது, பாசி அங்கேதான் வரும்.

சட்டக்கோப்பு:
அம்மா என்ன விசாவில் வந்திருக்கிறார்? இதுதான் பெரிய விஷயம். குவாதலூப் பிரான்சுதான், ஆனால் ஷெங்கன் பகுதி கிடையாது. சாதாரண ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியாது, பிரான்சின் கடல்கடந்த மாகாணங்களுக்கென்று தனி விசா வேண்டும். அது கிடைத்தாலும் பாரிசுக்குத் திரும்ப வர ஷெங்கன் விசா பலமுறை நுழைவு உள்ளதாக இருக்க வேண்டும், ஒருமுறை நுழைவு என்றால் ஒர்லியில் விமானம் ஏறியதோடு அது முடிந்துவிடும். டிக்கெட் எடுக்குமுன் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்.

புதுவைக்காரி:
எனக்கும் கணவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை, அதனால் இது தோன்றவே இல்லை. அம்மாவுடையது ஒருமுறை நுழைவு. விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, நல்லவேளை.

தீவுக்காற்று:
அப்படியானால் இந்த முறை நீங்கள் இருவர் மட்டும் போய்விட்டு வாருங்கள். அம்மா அடுத்து ஊரிலிருந்து விசா போடும்போது இரண்டையும் சேர்த்துக் கேட்கட்டும். அவருக்குப் பாஸ்தேரில் இருக்கும் கபெஸ்தேர் பெல்லோ பக்கம் பிடிக்கும் (மரி கலாந்தின் கபெஸ்தேர் வேறு), சாலையோரத்திலேயே சான்ஷி கோயில் இருக்கிறது. 1854இலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனவர்களின் வழிவந்தவர்கள் நிறையப் பேர். ராமசாமி, முத்துசாமி என்றெல்லாம் குடும்பப்பெயர் பார்க்கலாம், ஆனால் தமிழ் பேசுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், பிரெஞ்சும் கிரியோலும்தான். சைவச் சமையலுக்கும் கவலை இல்லை, சந்தையில் சௌசௌ, பூசணி, வெண்டைக்காய், கறிப்பலா எல்லாம் கிடைக்கும். கொலம்போ என்று ஒரு மசாலாத்தூள் விற்கிறார்கள், நம் குழம்புத்தூளுக்குத் தூரத்துச் சொந்தம், காரம் மட்டும் இல்லை.

நெல்லைத்தம்பி:
இருவர் மட்டும் என்றால் சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். த்ருவா ரிவியேர் போங்கள். லே சேன்த் தீவுக்குப் படகு அங்கிருந்து இருபது நிமிடம்தான், பகலில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம், அங்கே இரவு தங்குவதுதான் விலை.

புதுவைக்காரி:
த்ருவா ரிவியேரில் ஒரு ஜீத்துக்கு எழுதினேன், 58 யூரோ, தொட்டி 1000 லிட்டர், மோட்டார் உண்டு என்று வீட்டுக்கார அம்மா படமே எடுத்து அனுப்பிவிட்டார். சனி முதல் சனி, இரண்டு வாரம். எங்கள் விமானம் வெள்ளிக்கிழமை இரவு இறங்குகிறது, அந்த ஒரு இரவு எங்கே?

கரைக்கால்:
அவரிடமே கேளுங்கள், முந்தின வாரம் ஆள் இல்லையென்றால் சும்மாவே சாவி தருவார். இல்லாவிட்டால் விமான நிலையத்தை ஒட்டி லேசாபீமில் ஒரு இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள், ராத்திரியில் அந்தப் பாதையில் புதிதாக ஓட்ட வேண்டாம்.